லக்சர் – அஸ்வான் நைல் கப்பல் பயணம்: முன்பதிவு முதல் இறங்கும் நாள் வரை

நைலில் கப்பல் என்றதும் நான்கு நாளும் தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கலாம் என்று எண்ணித்தான் பலர் பணம் கட்டுகிறார்கள். கப்பல் உண்மையில் ஓடும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் பொழுதுதான் தேறும். மற்ற நேரமெல்லாம் அது கரையில் கட்டிக் கிடக்கும். நீங்கள் விடியற்காலை எழுந்து கோயில் பார்க்கப் போவீர்கள். இதைத் தெரிந்துகொண்டு திட்டமிட்டவர்கள் நிம்மதியாக வருகிறார்கள். தெரியாமல் போனவர்கள் இரண்டாம் நாளே சலித்துக்கொள்கிறார்கள்.

இங்கே சொல்வது லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையிலான 200 கிலோமீட்டர் சொச்சத்தை மட்டும். கெய்ரோவிலிருந்தே கிளம்பும் நீண்ட பயணமும், அஸ்வான் அணைக்குத் தெற்கே நாசர் ஏரியில் போகும் பயணமும் வேறு கணக்கு.

1. முதலில் திசை, பிறகு கிழமை, கடைசியில்தான் விமானம்

மலிவாகக் கிடைக்கிறதென்று விமான டிக்கெட்டைப் போட்டுவிட்டு அப்புறம் கப்பல் தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பெரிய கப்பல்கள் வாரச் சுற்றில் ஓடுகின்றன. லக்சரிலிருந்து அஸ்வானுக்கு நான்கு இரவு, அஸ்வானிலிருந்து லக்சருக்கு மூன்று இரவு, ஆக ஏழு. அதனால் ஒரு கப்பல் எந்தக் கிழமை கிளம்புமோ அது சீசன் முழுக்க அப்படியேதான் இருக்கும். பல கப்பல்கள் லக்சரில் சனி அல்லது திங்கள், அஸ்வானில் புதன் அல்லது வெள்ளி கிளம்புகின்றன. செவ்வாய்க்கிழமை லக்சரில் போய் இறங்கினால் நான்கு நாள் ஓட்டலில் காத்திருக்க நேரலாம்.

திசையில் என் தேர்வு லக்சரிலிருந்து தெற்கே போகும் நான்கு இரவுதான். காரணம், லக்சரின் மேற்குக் கரைக்கு ஒரு முழுக் காலைப் பொழுது கிடைக்கும். அஸ்வானிலிருந்து கிளம்பினால் அந்த இடம் கடைசி நாளுக்குத் தள்ளப்படும். பெட்டியை வண்டியில் ஏற்றி வைத்துவிட்டு, விமான நேரத்தைப் பார்த்துக்கொண்டே அரசர்களின் கல்லறைகளுக்குள் இறங்குவதில் என்ன இருக்கிறது? மூன்று இரவுதான் முடியும் என்றால் இறங்கிய பின் லக்சரில் ஓர் இரவு தங்கி மேற்குக் கரையைத் தனியாகப் பாருங்கள்.

நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால் பயணத் திட்டத்தில் ‘மேல் எகிப்து’ என்று இருந்தால் அது வரைபடத்தின் கீழ்ப்பகுதி. முதல் தடவை எல்லோருக்கும் இது குழம்பும்.

மாதம்: அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அஸ்வானில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சென்னை வெயில் பழக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அங்கே நிழலே கிடையாது.

2. எந்த வகைக் கப்பல்

பெரும்பாலோர் போவது ஐம்பது அறுபது அறைகள் கொண்ட மோட்டார் கப்பலில். ஓட்டலை அப்படியே தூக்கி ஆற்றில் வைத்தாற்போல் வரவேற்பறை, உணவுக்கூடம், மொட்டை மாடியில் சிறிய நீச்சல் குளம் எல்லாம் இருக்கும்.

இரண்டாவது, தஹபியா. இரண்டு பாய்மரம், பத்துக்குள் அறைகள். பெரும்பாலும் லக்சருக்குத் தெற்கே உள்ள எஸ்னாவிலிருந்து கிளம்பும். காற்றில்லாவிட்டால் இழுவைப் படகு கட்டி இழுப்பார்கள். பெரிய கப்பல் நிற்காத சின்னச் சின்னக் கரைகளில் நிற்கும். விலை கூடுதல்தான். ஆனால் ‘ஆற்றில் போவது’ என்று மனதில் வைத்திருப்பது உங்களுக்கு இதில்தான் கிடைக்கும்.

மூன்றாவது ஃபெலூக்கா. ஒற்றைப் பாய்ப் படகு, தளத்தில் மெத்தை போட்டு உறங்குவது, கழிவறைக்குக் கரையில் ஒதுங்குவது. கல்லூரி நண்பர்கள் போகலாம். அப்பா அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள்.

3. அறை எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

பணம் கட்டும்போது ‘இரட்டை அறை’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எது மிச்சமோ அதுதான் கிடைக்கும். கீழ்த்தள அறைகளின் ஜன்னல் நீர்மட்டத்தை ஒட்டியிருக்கும். கரையில் கட்டியிருக்கும்போது தெரிவது ஈரச் சுவர் மட்டுமே. பின்புற அறைகளில் இயந்திரச் சத்தம். மேல்தளத்துக்கு நேர் கீழே உள்ள அறைகளில் நாற்காலி இழுக்கும் சத்தம் இரவு வரை கேட்கும். நடுத்தளம், கப்பலின் மையப் பகுதி, இப்படிக் கேட்டு வாங்குவதே நல்லது.

இடப்பக்கமா வலப்பக்கமா என்று பலர் யோசிக்கிறார்கள். தெற்கே போகும்போது வலப்பக்கம் மேற்கு, அதாவது சூரியன் மறையும் பக்கம். ஆனால் இதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். லக்சர், எட்ஃபு, அஸ்வான் துறைகளில் கப்பல்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நான்கைந்து வரை அணைத்துக் கட்டிவிடுவார்கள். ஜன்னல் திரையை விலக்கினால் கையெட்டும் தூரத்தில் அடுத்த கப்பலின் ஆள் பல் விளக்கிக்கொண்டிருப்பார். கரைக்குப் போக வேண்டுமென்றால் மற்ற கப்பல்களின் வரவேற்பறைகள் வழியாகத்தான் நடக்க வேண்டும். பக்கத்துக் கப்பலின் புகை உள்ளே வரும் என்பதால் கட்டியிருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறக்காதீர்கள். ஆற்றைப் பார்க்க மாடி இருக்கிறது.

முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் லிஃப்ட் உண்டா என்று முன்பே கேளுங்கள். பல கப்பல்களில் கிடையாது. கரையேறும் பலகை குறுகலாக இருக்கும், சில துறைகளில் படிகள் செங்குத்து.

4. விலைக்குள் என்ன, வெளியே என்ன

மூன்று வேளைச் சாப்பாடு வழக்கமாக உள்ளே அடங்கும். பானங்கள், பல கப்பல்களில் குடிநீர் பாட்டில் உட்பட, தனிக் கணக்கு. கோயில் நுழைவுக் கட்டணமும் வழிகாட்டியும் சில திட்டங்களில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் இருக்காது. அஸ்வானுக்குத் தெற்கே உள்ள அபு சிம்பெல் கோயில்களுக்குப் போவது ஏறக்குறைய எப்போதும் தனி.

அதனால் விலையை மட்டும் வைத்து இரண்டு திட்டங்களை ஒப்பிடாதீர்கள். இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்: நுழைவுக் கட்டணம் எந்தெந்த இடத்துக்குச் சேர்த்தி? வழிகாட்டி எங்களுக்கு மட்டுமா, முப்பது பேருக்கு ஒருவரா? விமான நிலையத்திலிருந்து துறைக்கு வண்டி உண்டா? கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் சேர்ந்ததா? கப்பலின் பெயர் என்ன, கடைசி நேரத்தில் மாற்றினால் என்ன ஏற்பாடு? பெயர் சொல்லத் தயங்கும் முகவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம்.

5. விமானம், விசா, பணம்

மும்பையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் கெய்ரோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. சென்னை, கொழும்பிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் வளைகுடா வழியாகத்தான் போக வேண்டும். கெய்ரோவிலிருந்து லக்சருக்கு உள்நாட்டு விமானம் சுமார் ஒரு மணி நேரம். வந்திறங்கிய அன்றே லக்சர் போய்க் கப்பல் ஏறுவதாகத் திட்டம் போடாதீர்கள். ஒரு விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. கெய்ரோவில் ஓர் இரவு இடைவெளி விடுங்கள்.

விசா விதி பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் மாறும். இந்திய, இலங்கை, சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்டுகளுக்கு ஒரே விதி என்று நினைக்க வேண்டாம். குடும்பத்தில் ஆளுக்கொரு நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எகிப்துத் தூதரகத்தில் உறுதி செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதச் செல்லுபடியும் வேண்டும்.

பணத்தில் இரண்டு விஷயம். ஒன்று, பெரிய தொல்லியல் இடங்களின் டிக்கெட் கவுன்ட்டரில் இப்போது கார்டுதான், ரொக்கம் வாங்குவதில்லை. வெளிநாட்டில் வேலை செய்யும்படி உங்கள் கார்டை வங்கியில் சொல்லித் திறந்துவிட்டுக் கிளம்புங்கள், மாற்றுக் கார்டு ஒன்றும் வைத்திருங்கள். மற்றொன்று, கோயிலுக்கு வெளியே நடக்கும் எல்லாவற்றுக்கும் சில்லறை நோட்டு தேவை. 5, 10, 20 எகிப்திய பவுண்டு நோட்டுகளை விமான நிலையத்திலேயே மாற்றி ஒரு தனிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

50 பியாஸ்டர் நோட்டும் 50 பவுண்டு நோட்டும் வேறுவேறு. பியாஸ்டர் என்பது பவுண்டில் நூற்றில் ஒரு பங்கு. மீதி வாங்கும்போது பியாஸ்டர் நோட்டைக் கையில் திணிப்பது பழைய தந்திரம். கடையில் விலை அரபு எண்ணில் எழுதியிருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே 5 என்பது நம் பூஜ்ஜியம் மாதிரி வட்டமாக இருக்கும், பூஜ்ஜியம் வெறும் புள்ளியாக இருக்கும்.

மாணவர்களுக்கு நுழைவுக் கட்டணத்தில் பாதி குறையும். அதற்கான அடையாள அட்டையைப் பெட்டியில் வைக்காமல் கையிலேயே எடுத்துப் போங்கள்.

6. பையில் என்ன

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் பாலைவனம் என்று நம்பிப் பருத்திச் சட்டை மட்டும் கொண்டுபோய் விடியற்காலையில் நடுங்குகிறார்கள். பகலில் இதமான வெயில், இரவில் 10 டிகிரிக்குக் கீழேகூட இறங்கும். ஒரு ஜாக்கெட்டும் காதை மூடும் துணியும் வேண்டும்.

கால் முழுக்க மூடும் செருப்போ ஷூவோ அவசியம். தரையில் மணலும் சரளையும்தான். தொப்பி, கருப்புக் கண்ணாடி, கல்லறைக்குள் பார்க்கச் சிறு டார்ச். அங்குள்ள மின் பிளக் இரண்டு வட்ட முனைகள் கொண்டது. நம் மெலிந்த இரண்டு முனை சார்ஜர் பொருந்திவிடும், மூன்று முனை பொருந்தாது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் வாக்கில் யாருக்காவது வயிறு கெடுவது வழக்கம். குழாய்த் தண்ணீர், ஐஸ், வெட்டி வைத்த பச்சைக் காய்கறி மூன்றையும் தொடாமலிருந்தால் பாதி ஆபத்து போயிற்று.

கப்பல் மயக்கத்துக்கு மாத்திரை வேண்டாம். ஆறு கடலைப் போல ஆடாது, பல நேரம் கப்பல் நகர்வதே தெரியாது.

7. ஏறும் நாள்

பெரும்பாலும் நண்பகல் வாக்கில் ஏறி, மதியச் சாப்பாடு. பாஸ்போர்ட்டைப் பதிவுக்கு வாங்கிக்கொள்வார்கள், மறக்காமல் திரும்பப் பெறுங்கள். அறைச் சாவியோடு கப்பலின் பெயர் எழுதிய அட்டை ஒன்று தந்தால் எப்போதும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். தராவிட்டால் பெயர்ப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி வெள்ளைக் கப்பல்கள் வரிசையாக நிற்கும். நீங்கள் கோயிலுக்குப் போய் வருவதற்குள் உங்களுடையதை வேறு இடத்தில் மாற்றிக் கட்டியிருக்கவும் கூடும். இருட்டில் தேடி அலைகிறவர்களை எல்லாத் துறைகளிலும் பார்க்கலாம்.

அன்று மாலையே வழிகாட்டியிடம் உட்கார்ந்து இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். அபு சிம்பெல் போவது, கடைகளுக்குப் போகாதது. அலபாஸ்டர் கல் கடை, பாப்பிரஸ் கடை, வாசனைத் தைலக் கடை மூன்றும் திட்டத்தில் எழுதப்படாமலே நுழையும். வழிகாட்டிக்கு அதில் கமிஷன் உண்டு. முதல் நாளே சிரித்தபடி ‘கடை வேண்டாம்’ என்று சொன்னால் சங்கடமில்லை. மேற்குக் கரையில் வெயிலில் நின்று சொன்னால் முகம் சுளிப்பு வரும்.

8. லக்சர் கிழக்குக் கரை: கார்னக், லக்சர் கோயில்

கார்னக் பெரியது. 134 தூண்கள் கொண்ட மண்டபத்திலேயே எல்லோரும் அரை மணி நேரம் படம் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டு, பின்பகுதியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். நேராகப் பின்னால் போய்விட்டு மண்டபத்தைக் கடைசியில் பாருங்கள், கூட்டம் குறைந்திருக்கும்.

லக்சர் கோயிலை விளக்கு போட்ட பின் பாருங்கள். கோயில் ஊர் நடுவில், கரையோரத்தில் இருக்கிறது. பல கப்பல் துறைகளிலிருந்து நடந்தே போகலாம். பகலில் தட்டையாகத் தெரியும் செதுக்கல்கள், கீழிருந்து விளக்கு விழும்போது நிழலோடு எழுந்து நிற்கும்.

9. மேற்குக் கரை: இங்கேதான் அவசரப்படக் கூடாது

அரசர் பள்ளத்தாக்குக்கு முதலில், அதுவும் திறக்கும் நேரத்திலேயே போங்கள். இரண்டாவது, ஹட்செப்சுட் அரசியின் கோயில். மெம்னோன் சிலைகள் சாலையோரத்தில் இருக்கின்றன, டிக்கெட் இல்லை. திரும்பும்போது பத்து நிமிடம் போதும். இந்த வரிசைக்குக் காரணம், கல்லறைகளின் உள்ளே காற்று தேங்கும். கூட்டம் ஏற ஏறப் புழுக்கம் கூடும்.

பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள்தான் பார்க்கலாம். துட்டன்காமன், முதலாம் சேட்டி, ஆறாம் ராம்செஸ் கல்லறைகளுக்குத் தனித்தனி டிக்கெட், வாசலிலேயே வாங்க வேண்டும். உள்ளே போய்விட்டு மனம் மாறினால் திரும்ப நடக்க வேண்டியிருக்கும். தனிக் கட்டணத்தில் ஒன்றே ஒன்று என்றால் ஆறாம் ராம்செஸ். கூரை முழுக்க வானத்தின் ஓவியம், நிறம் மங்கவில்லை. துட்டன்காமன் கல்லறை மிகச் சிறியது. அதிலிருந்த பொருட்களெல்லாம் கெய்ரோவுக்குப் போய்விட்டன, மம்மி மட்டும் அங்கேயே இருக்கிறது. பெயருக்காகப் போகிறவர்கள் ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டபடி வெளியே வருகிறார்கள். சேட்டி கல்லறைக்குக் கட்டணம் மிக அதிகம். ஓவியத்தில் தீராத ஆர்வம் இருந்தால் கொடுங்கள்.

பொது டிக்கெட்டில் மூன்றாம் ராம்செஸ், நான்காம் ராம்செஸ் இரண்டும் நல்ல தேர்வு, இறங்குவதும் எளிது. மெரன்ப்தாவுடையது செங்குத்து. மூன்றாம் துட்மோஸ் கல்லறைக்குப் பாறை இடுக்கில் இரும்புப் படி ஏறி மறுபடி கீழே இறங்க வேண்டும், மூச்சு வாங்கும். எந்தெந்தக் கல்லறை திறந்திருக்கும் என்பது சுழற்சியில் மாறுவதால் ஐந்து பெயர்களையாவது மனதில் வைத்துப் போங்கள்.

வழிகாட்டிகள் கல்லறைக்குள் விளக்கம் சொல்லக் கூடாது என்பது விதி. வெளியிலேயே படம் காட்டிச் சொல்லிவிடுவார்கள். அதைக் கவனிக்காமல் போனால் உள்ளே எல்லாச் சுவரும் ஒன்றாகத்தான் தெரியும்.

கல்லறைக் காவலர் ஒருவர் உங்களைத் தனியாக அழைத்து, கைபேசி டார்ச்சை ஒரு மூலையில் அடித்து, தேள் உருவத்தையோ பாம்பையோ காட்டுவார். தடுப்புக் கயிற்றைக்கூடத் தூக்கிப் பிடிப்பார். அடுத்த நொடி அந்தக் கை உங்கள் பக்கம் நீளும். பார்க்க வேண்டாமென்றால் அழைக்கும்போதே தலையை ஆட்டிவிட்டு நடங்கள். கயிற்றைத் தாண்டி மட்டும் போகாதீர்கள், ஓவியத்தில் சட்டை உரசும்.

ஹட்செப்சுட் கோயில் மலையடிவாரத்து வெட்டவெளி. ஒன்பது மணிக்கு மேல் தரை சுடும். முதல் தளத்திலேயே திரும்பாமல் நடுத் தளத்தின் இடப்பக்கம் போங்கள். புன்ட் நாட்டுக்குக் கப்பல் போன காட்சிகள் அங்கேதான் செதுக்கப்பட்டிருக்கின்றன. நேரமிருந்து வழிகாட்டியும் சம்மதித்தால் மெடினட் ஹபு கோயிலையும் சேருங்கள். பல திட்டங்களில் அது இருக்காது, கூட்டமும் குறைவு.

10. எஸ்னா லாக்

மதியம் கப்பல் லக்சரை விட்டுக் கிளம்பும். சில மணி நேரத்தில் எஸ்னா தடுப்பணை வரும். அணையின் இரு பக்கமும் நீர்மட்டம் வேறு என்பதால், கப்பலை லாக் எனப்படும் மதகுத் தொட்டிக்குள் விட்டு, நீர் ஏற்றி, மேலே அனுப்புவார்கள். ஒரு நேரத்தில் இரண்டு கப்பல்தான் நுழையும். வரிசை நீண்டால் மணிக்கணக்கில் காத்திருப்பு. உங்கள் திட்டத்தில் அடுத்த நாள் நேரம் மாறினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பராமரிப்புக்காக லாக் மூடும் நாட்களும் உண்டு. அப்போது எஸ்னாவுக்கும் லக்சருக்கும் இடையே பஸ்ஸில் கூட்டிப் போவார்கள். முன்பதிவின்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் சிறு படகுகளில் வியாபாரிகள் சூழ்ந்துகொள்வார்கள். மேஜை விரிப்பு, அங்கி, துண்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுருட்டி மூன்று மாடி உயரத்துக்கு எறிவார்கள். குறி தப்புவது அரிது. மேலேயிருந்து கத்தி விலை பேசி, பிடித்தால் பணத்தைப் பையில் போட்டுத் திருப்பி எறிய வேண்டும், பிடிக்காவிட்டால் பொருளை. வேடிக்கைக்குக்கூடப் பையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் வாங்கியதாகத்தான் கணக்கு. சொல்லும் விலையில் கால் பங்கிலிருந்து தொடங்கலாம். கப்பலில் ஓர் இரவு அங்கி அணியும் விருந்து இருக்கும், பலர் அதற்காகவே இங்கே வாங்குகிறார்கள். அணியாமல் போனாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

11. எட்ஃபு

இருட்டோடு எழுப்புவார்கள். எல்லாக் கப்பல்களும் இரவில் வந்து சேர்ந்து காலையில் ஒரே நேரத்தில் இறங்குவதால், முதலில் போகிறவர்களுக்கே கோயில்.

துறையிலிருந்து கோயிலுக்குக் குதிரை வண்டியில் கூட்டிப் போவது வழக்கம். குதிரைகளின் நிலை பல நேரம் பார்க்கச் சகிக்காது. வேண்டாமென்றால் முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். துக்-துக் கிடைக்கும், நம் ஊர் பஜாஜ் ஆட்டோவேதான். எந்த வண்டியானாலும் திரும்பி வருவதற்கும் சேர்த்துக் கூலி பேசிவிடுங்கள்.

பருந்துத் தெய்வமான ஹோரஸின் கோயில் கூரையோடு முழுசாக நிற்பது. கி.மு. 237-இல் தொடங்கி 57-இல் முடித்தது. கூட்டம் முதல் முற்றத்தில் பருந்துச் சிலையோடு படம் எடுக்க நிற்கும்போது நீங்கள் நேரே கருவறைக்குப் போங்கள். அங்கிருந்து வெளிச்சுற்றுக்கு வந்தால், சுற்று மதிலின் உட்புறத்தில், மேற்குப் பக்கத்தில் ஹோரஸ் நீர்யானையை ஈட்டியால் குத்தும் காட்சித் தொடர் இருக்கிறது. நீர்யானையை வேண்டுமென்றே மிகச் சிறியதாகச் செதுக்கியிருக்கிறார்கள். அது தீய சக்தியின் உருவம், பெரிதாகச் செதுக்கினால் அதற்குப் பலம் வந்துவிடுமாம்.

12. கோம் ஓம்போ வரை: மாடியை விட்டு இறங்காதீர்கள்

எட்ஃபுவிலிருந்து கிளம்பியதும் எல்லோரும் தூங்கப் போய்விடுகிறார்கள். பயணத்திலேயே நல்ல நேரம் இதுதான். இரு கரையிலும் கரும்பு, வாழை, பேரீச்சை, எருமை. அதற்கு ஒரு கல் தொலைவில் மொட்டைப் பாலைவனம் தொடங்கிவிடும். பாதி வழியைத் தாண்டிய பின் ஆறு குறுகி, இரு பக்கமும் மணற்பாறை நெருங்கும். அதுதான் ஜெபல் எல்-சில்சிலா. லக்சர், எட்ஃபு கோயில்களுக்குக் கல் வெட்டிய குவாரி. மேற்குக் கரையில் பாறையைக் குடைந்த சிறு கோயில்கள் நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே தெரியும். பெரிய கப்பல் நிற்காது, அறிவிப்பும் செய்யாது. வலப்பக்கம் நின்று பாருங்கள்.

கோம் ஓம்போ இடப்பக்கக் கரை மேட்டில் வரும். துறையிலிருந்து நடைதான். கோயில் இரட்டை, ஒரு பாதி முதலைத் தெய்வம் சோபெக்குக்கு, மறு பாதி ஹோரஸுக்கு. வெளியே வரும் வழியில் முதலை மம்மிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது. கப்பல் புறப்படும் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். வழிகாட்டியின் உரை நீண்டால் பத்து நிமிடம் முன்பே நழுவிப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

வழியில் ஆற்றில் குளிக்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். நன்னீர் நத்தைகள் வழியே பரவும் ஒட்டுண்ணி நோய் நைலில் உண்டு.

13. அஸ்வான்

ஃபிலே கோயில் தீவில் இருக்கிறது. அணைகளால் நீரில் மூழ்கியதைக் கல் கல்லாகப் பிரித்துப் பக்கத்துத் தீவான அகில்கியாவில் மறுபடி கட்டினார்கள். நுழைவு டிக்கெட் வேறு, படகுக் கட்டணம் வேறு. தனியாகப் போகிறவர்கள் படகில் ஏறுமுன் போக, காத்திருக்க, திரும்ப மூன்றுக்கும் சேர்த்து விலை பேசுங்கள்.

அணையில் பார்க்க அதிகமில்லை, பதினைந்து நிமிடம் போதும். முடிக்கப்படாத தூபி (ஒபெலிஸ்க் எனும் ஒற்றைக்கல் ஊசித்தூண்) நல்லது: ஏறத்தாழ 42 மீட்டர் நீளம், விரிசல் விழுந்ததால் பாறையிலேயே விட்டுவிட்டார்கள். நேரம் குறைவென்றால் அணையை விட்டுவிட்டுத் தூபியைப் பாருங்கள்.

14. அபு சிம்பெல்

அஸ்வானிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வரவும் அவ்வளவே. விடியற்காலை நான்கு மணி வாக்கில் வண்டி கிளம்பும். பெயர், பாஸ்போர்ட் விவரத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருப்பதால் முதல் நாளே சொல்லச் சொன்னேன்.

கப்பல் தரும் காலை உணவுப் பெட்டியில் அவித்த முட்டையும் காய்ந்த ரொட்டியும் இருக்கும். சைவர்களுக்கு மிஞ்சுவது ரொட்டியும் ஜாமும். முந்தின இரவே பழம், வாழைப்பழமாவது, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கழிவறை நிறுத்தம் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு தண்ணீரை அளவாகக் குடியுங்கள்.

எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும், எல்லோரும் இரண்டாம் ராம்செஸின் பெரிய கோயிலுக்குள் பாய்வார்கள். நீங்கள் நேரே பக்கத்திலிருக்கும் அரசி நெஃபர்டாரியின் சிறிய கோயிலுக்குப் போங்கள். அரை மணி கழித்துத் திரும்பினால் பெரிய கோயில் மூச்சுவிடும் அளவுக்குக் காலியாகியிருக்கும். பிப்ரவரி 22, அக்டோபர் 22 தேதிகளில் சூரிய ஒளி கருவறையைத் தொடும் என்பதால் அன்று கூட்டம் தாங்காது. அதற்காகவே போகவில்லை என்றால் அந்தத் தேதிகளைத் தவிருங்கள்.

அன்று மதியம் கப்பல் கிளம்புவதாகவோ, மாலை விமானம் இருப்பதாகவோ இருந்தால் வண்டி பஞ்சரானால் என்ன செய்வது என்று யோசித்துவிட்டுச் சம்மதியுங்கள்.

15. சாப்பாடு

பஃபேதான். சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மொச்சை வகைப் பயறில் செய்யும் ஃபுல், அதே பயறில் பொரிக்கும் தாமெயா, பருப்பு சூப், சேமியா கலந்த சோறு எல்லாம் கிடைக்கும். ஆனால் சூப்பிலும் முலூக்கியா என்ற கீரைக் குழம்பிலும் கோழிச் சாறு சேர்ப்பது சாதாரணம். ‘இறைச்சி இல்லையா?’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘கோழி வேகவைத்த தண்ணீர் உண்டா?’ என்று கேளுங்கள், அப்போதுதான் சரியான பதில் வரும். முதல் நாளே உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் சொன்னால் தனியாகச் செய்து தருவார்கள். காரம் இருக்காது. பருப்புப் பொடியும் ஊறுகாயும் ஒரு டப்பாவில் போனால் மூன்றாம் நாள் எல்லோரும் உங்கள் மேஜைக்கு வருவார்கள்.

16. பக்ஷீஷ்

கழிவறையில் தாள் நீட்டுபவர், பெட்டி தூக்குபவர், வண்டி ஓட்டுநர் எல்லோருக்கும் சிறு தொகை எதிர்பார்ப்பு உண்டு. கோபப்பட்டுப் பயனில்லை, செலவுக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். கப்பல் ஊழியர்களுக்குக் கடைசி நாள் வரவேற்பறைப் பெட்டியில் மொத்தமாகப் போடுவது நடைமுறை, வழிகாட்டிக்குத் தனி. வெளிநாட்டு நாணயங்களைக் கொடுக்காதீர்கள். அங்கே அவற்றை வங்கி மாற்றாது. அதனால்தான் துறையில் யூரோ நாணயங்களோடு பையன்கள் உங்களிடம் நோட்டு கேட்டு வருகிறார்கள்.

17. இறங்கும் நாள்

காலை உணவோடு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், எட்டு மணி வாக்கில். பானக் கணக்கை முந்தின இரவே தீர்த்துவிடுங்கள், காலையில் நீண்ட வரிசை நிற்கும். ஒவ்வொரு ரசீதையும் உங்கள் அறை எண்ணோடு சரிபாருங்கள். விமானம் மாலையில் என்றால் பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டு அஸ்வானின் நூபியா அருங்காட்சியகத்துக்குப் போகலாம். குளிர்சாதன வசதி உண்டு, இரண்டு மணி நேரம் தாராளமாகப் போகும்.